விளிம்புக்கு வந்த ஜோடி

என் பிரியமான மைத்துனன் குமரேசனுக்கு,

நேற்று போர்ட் பிளேரில் உனக்கு நினைவுக்கூட்டம் நடந்தது. ஹட் பேயில் நீ வேதியியல் கற்பித்த பள்ளியிலிருந்து ஆறு பேர் கப்பலேறி வந்திருந்தார்கள். ஒருவர் எனக்குச் சால்வை போர்த்தி, "சாரோட வழிகாட்டுதல்லதான் அவரு ஆராய்ச்சியே பண்ணாரு" என்றார். மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். சால்வையோடு உட்கார்ந்திருந்தேன்.

நானா வழிகாட்டினேன்? பொட்டாசியமும் குளோரைடுமாக ஒரே ஒரு ஜோடி உப்பு அயனிகள் பன்னிரண்டே நீர் மூலக்கூறுகளுக்குள் கரைந்தால் என்ன செய்யும் என்பதைக் கணினியில் கணக்கிட்டவன் நீ. குளோரைடு அயனி அந்தச் சிறு கொத்தின் விளிம்பை நாடும். அது தெரிந்த கதை. தன் ஜோடியான பொட்டாசியத்தையும் அது கூடவே இழுத்து வருகிறது என்றாய். நானோ, அயனியை நடுவில் வைத்துச் சுற்றிலும் நீரை வரைந்தே கல்லூரியில் பாடம் நடத்திக் காலம் தள்ளியவன். நம்பவில்லை.

சரிபார்க்கிறேன் என்று உன் கணக்கை வாங்கி வைத்துக்கொண்டேன். கணினியில் ஓடவிட்டபோதெல்லாம் ஜோடி ஓரத்துக்கு நகர்ந்தது. நகர நகர நிறுத்தி, நடுவில் வைத்து, மறுபடி தொடங்கினேன். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் நீ இறங்கியதும் அதைச் சொன்னேன்.

"அது தானா வெளிய வருது அத்தான். நீங்கதான் புடிச்சு உள்ள தள்ளுறீங்க."

"இன்னொரு தடவை பார்த்துடலாம்பா."

"ஏக் பார் அவுர், ஏக் பார் அவுர். ஷிப் டிக்கெட்கூட கெடச்சிரும், உங்க ஓகே கெடைக்காது."

என் 'இன்னொரு தடவை'யை இந்தியில் சொல்லிக் காட்டிச் சிரித்தாய். என் பெயரும் இல்லாமல் கட்டுரையை அனுப்ப மாட்டேன் என்று ஏன் பிடிவாதம் பிடித்தாய்? அந்த மரியாதைக்கு நான் என்ன செய்திருந்தேன்?

இரண்டு வருடம் காத்திருந்தாய். பிறகு உன் இதயம் நின்றுவிட்டது.

போன வாரம் நடுவில் கை வைக்காமல் ஓடவிட்டேன். இருபது முறை. இருபதிலும் ஜோடி ஓரத்துக்கே வந்தது. உன் அக்காவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அவன் இருக்கையில குடுக்காத ஓகேவ இப்ப யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

கட்டுரை உன் பெயரில் மட்டும் போகும். அதற்கு முன், ஹட் பே கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். சால்வையைத் திருப்பிக் கொடுத்து, உன்னைத் தடுத்தவன் நான்தான் என்று அந்த ஆறு பேரிடமும் சொல்வேன். இன்னொரு தடவை யோசிக்க மாட்டேன்.

உன் அக்காவின் கணவன்,
உன்னைக் காக்கவைத்த அத்தான்