அது வேறு ராஜா

சித்தூர்,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மனைவி தபீதாளுக்கு, உன் கணவன் அசரியா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் இங்கே சுகம். திருப்பதியில் நீயும், ஆபரேஷன் ஆன உன் இடது கண்ணும், மகள் மோனிகாவும், மாப்பிள்ளை சாம்ராஜும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஜெபிக்கிறேன் என்ற சொல்லால்தான் இத்தனை வம்பும். சொல்கிறேன்.

போன் செய்யும்போதெல்லாம் மோனிகா, "நைனா, அம்மா தூங்கிக்கினு இருக்காங்க" என்கிறாள். இந்த ஒன்பது நாளில் நீ தூங்கிய தூக்கம், கல்யாணமானதிலிருந்து நீ தூங்கியதைவிட அதிகம். நம் போதகர் வீட்டு ஐயரம்மா கூப்பிட்டபோது மட்டும் விழித்திருந்தாயாம். சரி, அதனால்தான் கடிதம். இன்னும் ஒரு வாரம் நீ எதையும் படிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் மோனிகாதான் படித்துக் காட்ட வேண்டும். மோனிகா, நிதானமாகப் படி. நடுவில் சிரிக்காதே.

உன் புருஷன் மனந்திரும்பிவிட்டார், முழங்காலில் நின்று கண்ணீரோடு ஜெபித்தார், வருகிற ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லப்போகிறார் என்று ஐயரம்மா சொன்னாராம். உடனே நீ ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன் என்றாயாம். பக்கத்து வீட்டுக் கமலம்மா என்னைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுத்தான் ஐயரம்மாவிடம் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் நடந்தது வேறு.

நீ வெறுக்கிற அந்தப் போன் சீட்டாட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். போக்கர் என்று பெயர். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில். நிஜப் பணம் ஒரு பைசா கிடையாது. எல்லாம் ஆட்டக் கம்பெனிக்காரர்கள் சும்மா தருகிற பொம்மைக் காசு, அதைச் சிப்ஸ் என்பார்கள். இதை என் போனில் போட்டுக் கொடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நம் மகளுக்குத் தாலி கட்டியவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மோனிகா, இந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடு.

அவர் எனக்கு இரண்டு விஷயம் கற்றுக்கொடுத்தார். நல்ல சீட்டு வந்தால் பதுங்காதே, தைரியமாகப் பந்தயத்தைக் கூட்டி, சும்மா வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருப்பவனை ஓட வை. ஆனால் எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் சேர்த்த சிப்ஸ் முழுவதையும் ஒரே மேஜைக்குக் கொண்டுபோகாதே, இருபதில் ஒரு பங்கு போதும், தோற்றால் மறுபடி உட்கார மீதி வேண்டும். மாம்பழக்கூழ் ஆலையில் முப்பது வருஷம் எடைமேடை பார்த்தவன் நான். நான்கு மாதம் அந்தக் கணக்குப் பிசகாமல் ஆடினேன். நீ போன பிறகு புத்தி நிலைகொள்ளவில்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் இருந்த சிப்ஸ் அத்தனையோடும் போய் உட்கார்ந்தேன். கைக்கு இரண்டு ராஜா வந்தார்கள். நம் போனுக்கு சார்ஜ் நிற்காது, ஒயரும் குட்டை, ப்ளக் கட்டில் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் முழங்காலில் நின்று, கட்டிலில் முழங்கையை ஊன்றி ஆடிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒன்பது, ஏழு, நாலு விழுந்தது. எனக்குப் பயமே இல்லை. "எல்லாத்தையும் உம்ம முன்னால வச்சிட்டேன்!" என்று கத்தி, எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். எதிரே நெல்லூர் சிங்கம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன், ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு வந்தான். ஏழும் இரண்டும்! அதைவிட மட்டமான கை இந்த ஆட்டத்திலேயே கிடையாது. மூன்றாவது ராஜா வந்தால் அவன் கதை முடிந்தது. "ராஜாவே, வாரும்! சீக்கிரம் வாரும்!" என்று கூப்பிட்டேன். ஐம்பது வருஷம் கோயிலில் இயேசு ராஜாவைப் பாடிய வாய், சீட்டைக் கூப்பிட்டாலும் மரியாதையாகத்தான் கூப்பிடுகிறது.

ராஜா வரவில்லை. கடைசிச் சீட்டாக இன்னொரு ஏழு வந்தது. அவனுக்கு மூன்று ஏழு, எனக்கு இரண்டே ராஜா. "எல்லாம் போச்சு, எங்கிட்ட இனி ஒண்ணும் இல்ல" என்று நிஜமாகவே அழுதுவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே "ஆமென்" என்று சத்தம் கேட்டது. பெண்கள் ஐக்கிய சங்க நோட்டீஸ் கொடுக்க வந்த கமலம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வராந்தாவில் முழங்காலில் நிற்கிறார்கள். எழப்போன என்னை, "ஏந்துக்காதீங்க அண்ணா, ராஜா வந்துக்கினே இருக்காரு" என்று கமலம்மா அழுதுகொண்டே தடுத்தாள். அம்மா, அது ஸ்பேடு ராஜா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து அவள் வீட்டு இட்லி வருகிறது. வந்ததை எல்லாம் தின்றேன். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லுங்கள் என்று கோயிலில் ஐயரம்மா கேட்டதற்கும் தலையாட்டிவிட்டேன்.

நீ வருகிறாய் என்று திங்கட்கிழமை தெரிந்ததும் வீட்டைப் பெருக்கினேன், உன் தலையணை உறையைத் துவைத்தேன். அந்த ஆட்டத்தையும் போனிலிருந்து அழித்தேன். கண்ணாடி போடாமல் அழித்ததில் முதலில் பாமாலை ஆப் போய்விட்டது, அதை மாப்பிள்ளைதான் மறுபடி போட்டுத் தர வேண்டும். அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். ஆனால் கறுப்புக் கண்ணாடியோடு முதல் வரிசையில் உட்கார்ந்து நீ என்னை நிமிர்ந்து பார்ப்பதை நினைத்தேன். என்னால் முடியாது தபீதா.

நீ புறப்பட்ட அன்று, "கெளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மூன்று முறை கூப்பிட்டாய். "இரு, கையில நல்லது வந்துருக்குது" என்றேன். ஆட்டம் முடிந்து தலை தூக்கினால் கேட் திறந்து கிடக்கிறது, உன் பையும் இல்லை. கண் ஆபரேஷனுக்கு நீ தனியாக பஸ் ஏறிப் போனாய். அந்த ஆட்டத்தில் நான் ஜெயித்தேன், அதுதான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது. புருஷன் எங்கே என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாளாம். நீ என்ன பதில் சொன்னாய் என்று மோனிகா சொல்ல மறுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்று உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறேன். கமலம்மாவின் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்து மன்னிப்பும் கேட்பேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன். வராவிட்டால் உன்மேல் தப்பில்லை. உன்னிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை இன்றைக்கே ஆர்.டி.சி. பஸ் பார்சலில் போடுகிறேன்.

அடுத்த மாதம் வலது கண்ணுக்கும் தேதி கொடுத்திருப்பதாக மோனிகா சொன்னாள். கர்த்தர் உன் கண்ணுக்கு வெளிச்சமும் என் தலைக்குக் கொஞ்சம் புத்தியும் தரட்டும். கீழே ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். மோனிகா, அதை நீ படிக்காதே. டாக்டர் சரி என்ற பிறகு அம்மா தன் கண்ணாலேயே படிக்கட்டும்.

உன்
அசரியா

வலது கண்ணுக்கு நான் கூட வரட்டுமா?