எண்ணெய்க் கிணற்று மேஸ்திரி

மார்ச் 4

அன்புள்ள கம்பவுண்டருக்கு,

மெத்தை எழுதுவது. ஆமாம், நானேதான். என் கை, என் பேனா. பக்கத்தில் யாரும் இல்லை. நீ மருந்துக்கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டாய். உன்னைப் போல ஆண்டறிக்கையைப் படித்துச் சொல்ல எனக்கு ஆள் வேண்டாமா? நூலகத்தில் நடக்கும் மாலை எழுத்து வகுப்பில் சேர்ந்துவிட்டேன். டீச்சருக்கு என் பேத்தி வயது. "தாத்தா, பேனாவை ஊசி மாதிரி குத்தாதீங்க" என்று திட்டுகிறாள். காலமெல்லாம் மெத்தை தைத்த கை, சட்டென்று மாறுமா?

இப்போது தெருவில் நடந்தால் வீடு வந்துசேர நேரமாகிறது. ஒவ்வொரு கடைப் பலகையும் கூப்பிட்டு நிறுத்துகிறது.

நாம் பங்கு வாங்கிய எண்ணெய்க் கம்பெனியின் அறிக்கை வந்துவிட்டது. விரல் வைத்து, நாளுக்கு அரைப் பக்கம் படிக்கிறேன். இரண்டாவது கிணற்றில் எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம் வருகிறது என்று போட்டிருக்கிறது. நீ சொன்னதே இல்லையே? நம் மேஸ்திரியையும் இன்னும் காணோம். பின்பக்கங்களில் இருப்பார் என்று நினைக்கிறேன். மூன்றாவது கிணற்றுக் கல்லை மோந்து பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் எண்ணெயாகச் சேர்மனிடம் ஓடிவந்து அழுதார் என்று போன வருஷம் படித்தாயே. அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவிக்கிறேன்.

இரண்டு முட்டி ஆபரேஷனுக்கும் வைத்திருக்கும் பணத்தைக் கம்பெனியின் புதுப் பங்கில் போடப் போகிறாயாமே. உன் மகன் ஃபோனில் சொன்னான். உனக்குத்தான் காதும் ஃபோனும் ஒத்துவராதே, அதனால் எழுதுகிறேன்: கொஞ்சம் பொறு. பங்குதாரர் கூட்டம் இந்த ஊரில்தான். நானே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

எழுத்துக்கூட்டி எழுதும்
மெத்தை


மார்ச் 12

அன்பு மெத்தைக்கு,

கோழி கிளறிய மாதிரி இருந்தாலும் உன் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மருமகளிடமும் காட்டினேன்.

ஆனால் கூட்டத்துக்கெல்லாம் போகாதே. கோட்டுப் போட்டவர்கள் ஒருவரை ஒருவர் புகழ்வார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அறிக்கையின் பின்பக்கங்களையும் விட்டுவிடு. பொடி எழுத்து, உன் கண்ணுக்கு ஆகாது.

எண்ணெய்க் கிணறு என்றால் தண்ணீரும் வரத்தான் செய்யும். சின்னக் கம்பெனியாக இருப்பதுதான் இதன் பலமே. மூன்றாவது கிணறு மட்டும் பீய்ச்சி அடிக்கட்டும், பெரிய கம்பெனிக்காரன் ஓடிவந்து மொத்தமாக வாங்கிக்கொள்வான். அன்றைக்குப் பங்கைக் கையில் வைத்திருக்கிறவன்தான் புத்திசாலி. புதுப் பங்குக்கு இந்த மாசக் கடைசிதான் கெடு. நீயும் போடு. கரை ஏறும் நேரத்தில் பின்வாங்குகிறவனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இத்தனை நாள் பொறுத்த முட்டி இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கும். மாடிப்படிதான் கஷ்டம். மருமகள் பார்க்காத நேரமாக, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கிவிடுகிறேன்.

உன்
கம்பவுண்டர்


மார்ச் 20

கம்பவுண்டர் அவர்களுக்கு,

இனி உங்களை நீங்கள் என்றுதான் எழுதுவேன். நீ என்று சொன்ன உறவு நேற்றோடு முடிந்தது.

நேற்று கூட்டத்துக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் நானே எழுதிய கேள்வி. மைக்கைக் கொடுத்தார்கள். எழுந்து நின்று, எழுத்து எழுத்தாகப் படித்தேன். "மூன்றாவது கிணற்று மேஸ்திரி நலமா? கல்லை மோந்து பார்த்த பிறகு என்ன ஆயிற்று? அவர் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்ததா?"

ஹாலே சிரித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் வாயிலிருந்த பிஸ்கட்டைத் துப்பிவிட்டார். சேர்மன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படி யாரும் நம்மகிட்ட வேலை பார்க்கலையே பெரியவரே, எங்க கேள்விப்பட்டீங்க?" என்றார். "உங்க ஆண்டறிக்கையிலதான்" என்றேன். மறுபடியும் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து, மேஸ்திரி என்ற ஒரு சொல்லை மட்டும் விடியவிடிய அட்டையிலிருந்து அட்டைவரை தேடினேன். பழைய அறிக்கைகளையும் தேடினேன். எல்லாவற்றிலும் நட்டம் இருக்கிறது, சேர்மனின் சம்பள உயர்வு இருக்கிறது, மேஸ்திரி எதிலும் இல்லை. மருந்துக்கடைப் பின்னறையில், டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி, வருஷா வருஷம் எனக்கு என்னத்தைப் படித்தீர்கள்? படிக்கத் தெரியாதவன் காதில் எதை வேண்டுமானாலும் ஊற்றலாமா? இருமல் மருந்தில் தண்ணீர் கலந்த பழக்கமோ?

உங்கள் முட்டிக்காக மட்டும் இதை எழுதுகிறேன். மூன்றாவது கிணறு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஒரு அம்மாள் கேட்டார். இன்னும் தோண்டவே ஆரம்பிக்கவில்லையாம். துளை போடும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கவில்லையாம். மோந்து பார்க்க ஒரு கல்கூட வெளியே வரவில்லை, ஐயா! பணத்தைப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஊர் சிரிக்க நின்றவன்


மார்ச் 27

மெத்தைக்கு,

நீங்களாம், அவர்களாம்! உன் மரியாதையை நீயே வைத்துக்கொள்.

முதல் வருஷம் உனக்கு உள்ளதை உள்ளபடியேதான் படித்தேன். தேய்மானம், ஒதுக்கீடு, வரிக்குப் பிந்தைய நட்டம். நீ வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாய். மேஸ்திரி வந்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாய். "அப்புறம் என்னய்யா ஆச்சு அந்த மனுஷனுக்கு? குடும்பம் குட்டி இல்லையா?" என்று கடைக்கு வந்து வந்து நச்சரித்தது யார்? நீ கேட்டதால்தான் அவருக்கு ஒரு மகளே பிறந்தாள். சொல்லிச் சொல்லி எனக்கே அந்த ஆளின் முகம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

மருந்தில் நான் ஒருநாளும் தண்ணீர் கலந்ததில்லை. அந்த வார்த்தைக்கு நீ பதில் சொல்லியாக வேண்டும்.

கிணறு தோண்டவில்லை என்கிறாய். தோண்டத்தானே பணம் கேட்கிறார்கள்! எல்லோரும் உன்னை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய் தானாக மேலே ஏறி வருமா? செவ்வாய்க்கிழமையே பணத்தைக் கட்டிவிட்டேன். மகனிடம் அந்த யோசனையையே விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி எனக்கு எழுதாதே.

கம்பவுண்டர்


ஏப்ரல் 5

டேய் கம்பவுண்டர்,

எழுதாதே என்று சொல்ல நீ யார்? இப்போதுதான் எழுதவே ஆரம்பித்திருக்கிறேன்.

மருந்துத் தண்ணீர்ப் பேச்சை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது. பொய்யன். பிடிவாதக்காரன். பெற்ற பிள்ளையிடமே மறைக்கிற கிழட்டுத் திருடன். இதையெல்லாம் எழுத எழுத எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா? முன்பெல்லாம் கோபம் வந்தால் உன் கடைக்கு நடந்து வருவதற்குள் பாதி ஆறிவிடும். இப்போது முழுசாக உறைக்குள் போட்டு ஒட்டிவிட முடிகிறது.

நேற்று புரோக்கரிடம் போய், "என் பங்கு மொத்தத்தையும் வித்துடுங்க" என்றேன். "இப்ப வித்தா போட்டதுல பாதிகூடத் தேறாது பெரியவரே, மூணாவது கிணறு வரட்டுமே" என்றான். "அதுக்கு முதல்ல குழி தோண்டணும் தம்பி" என்றேன். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினான். "பேனா குடு" என்றேன். அவன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வரும்வரை கையெழுத்துப் போட்டேன்.

கைக்கு வந்தது கொஞ்சம்தான். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். உன் ஒரு முட்டிக்குச் சரியாக இருக்கிறது, இரண்டுக்கும் காணாது. இன்னொன்றுக்கு உன் கம்பெனி எண்ணெய் எடுத்துத் தரட்டும்.

உன்மேல் இரக்கப்பட்டு இதைச் செய்கிறேன் என்று நினைத்துவிடாதே. உட்கார்ந்தபடியே படி இறங்குகிறவனோடு சண்டை போட எனக்கு வெட்கமாக இருக்கிறது. நின்று சண்டை போடுகிற ஆளாக வந்து சேர்.

ஆஸ்பத்திரிப் படிவத்தை நானே நிரப்பிவிட்டேன். பெயர், வயது, தொந்தரவு, கூட இருக்கப்போகிறவர் எல்லாம் எழுதியாயிற்று. ஒரு இடம்தான் காலியாக நிற்கிறது.

இடதா, வலதா? உடனே எழுது.

மெத்தை