ஆதிலட்சுமி மறைத்த பட்டம்

நெய்வேலி
18.6.2014

அன்பு மகள் மெர்லினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் நினைப்பு. அப்பாவுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், சாப்பிடும்போதே கண் சொக்குகிறது. பண்ருட்டிச் சித்தி பலாப்பழம் அனுப்பினாள், பாதியைப் பக்கத்து குவார்ட்டர்ஸுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குக் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. அப்பாவுக்கு முன்னாலேயே விருப்ப ஓய்வு வாங்கினால் நிம்மதி என்று நினைத்திருந்தேன், அதற்குள் ஒரு பஞ்சாயத்து வந்து சேர்ந்தது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பக்கத்து வடக்குத்து கிராமத்தில் ஆதிலட்சுமி என்று ஒருத்தி, முப்பத்திரண்டு வயது. ஒரு காண்ட்ராக்டரிடம் மூன்று வருஷமாகக் கம்பெனி கேன்டீனில் துப்புரவு வேலை. எட்டாவதுக்கு மேல் படித்தவர்களுக்கு அந்த வேலை கிடையாது. அவளும் விண்ணப்பத்தில் எட்டாவது என்றுதான் எழுதியிருக்கிறாள். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டதில் அவள் பி.ஏ. முடித்தவள் என்று தெரிந்து, பொய் சொல்லிச் சேர்ந்தாள் என்று நிறுத்திவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று யூனியன்காரர் இளவழகனும் காண்ட்ராக்டரும் ஒரு பொது ஆளிடம் விட்டுவிடலாம், அவர் சொன்னதற்குக் கட்டுப்படலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். முப்பது வருஷம் பர்சனல் ஆபீசில் விண்ணப்பம் சரிபார்த்தவள் என்று என்னைத்தான் பிடித்தார்கள். மாட்டேன் என்றேன், விடவில்லை.

மூன்று நாள் யூனியன் அறையில் உட்கார்ந்தேன். காண்ட்ராக்டர், "பெருக்குறதுல ஒரு குறையும் இல்லீங்க, ஆனா மொத காயிதத்துலயே பொய் எழுதினவங்கள எப்படிங்க நம்பறது" என்றார். அவள் மறுக்கவே இல்லை. "பட்டத்த கையில வச்சிகினு ஆறு வருசம் அலைஞ்சங்க. படிச்ச வேலைக்குப் போனா சிபாரிசுக்கு ஆள் இல்லியான்னாங்க, இந்த வேலைக்கு வந்தா படிச்சிட்டியேன்னாங்க. வூட்ல ரெண்டு புள்ளைங்க, நான் என்னங்க பண்றது" என்றாள். எனக்கு அப்போதே மனம் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் காண்ட்ராக்டர் வீராயி என்பவளைக் கூட்டிவந்தார். மூன்று வருஷத்துக்கு முன் ஆள் எடுத்த அன்றைக்கு வரிசையில் ஆதிலட்சுமிக்கு அடுத்து நின்றவள், கைநாட்டு. ஆள் எடுத்தாச்சு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், இன்றைக்கும் முந்திரிக்கொட்டை உடைத்து அதன் எண்ணெய் பட்டு விரலெல்லாம் வெந்துபோய்க் கிடக்கிறாள். "எனக்கு எழுத்து தெரியாதுங்க, எனக்குன்னு இருந்த வேல அது ஒண்ணுதாங்க" என்றாள். ஆதிலட்சுமி தலை குனிந்தவள்தான், அப்புறம் நிமிரவில்லை.

நாலு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் எழுதிக் கொடுத்தேன். எழுதினது பொய்தான், அதற்கு வேலையையே பறிப்பது அதிகம். திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் பழைய மூன்று வருஷ சர்வீஸ் கணக்கில் வராது, புது ஆளாகச் சேர வேண்டும். அடுத்து காலியாகும் இடம் வீராயிக்கு. இளவழகன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், சர்வீஸ் கணக்குப் பார்த்துப் பெர்மனென்டுக்குப் பேர் போகும் நேரத்தில் சர்வீஸை வெட்டிவிட்டேனாம். காண்ட்ராக்டர் பொய்க்குப் பரிசா என்கிறார். அப்பா மட்டும், இதற்கு மேல் யாராலும் முடியாது என்றார், அதுவும் எனக்காகச் சொன்னதுதான்.

நேற்று ஆதிலட்சுமி நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். சண்டைக்கு இல்லை, திங்கட்கிழமை வேலைக்குச் சேர்கிறாளாம், சொல்லிவிட்டுப் போக வந்தாளாம். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "பட்டம் வாங்க மூணு வருசம் போச்சுங்க, அத மறைச்சதுக்கு இப்ப மூணு வருசம் போச்சு" என்று கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

புது வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உடம்பு முடியாமல் வீட்டில் இருந்த அந்த ஒரு வருஷத்தை எழுதவா, விடவா என்று போன மாதம் கேட்டாய். விட்டுவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அதை நான் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எழுது என்று சொல்லவும் தைரியம் இல்லை கண்ணு, எழுதி வேலை போனால் உன் வாடகையை நான் கட்டப்போவதில்லை. நீயே யோசித்துச் செய், எது செய்தாலும் அம்மாவிடம் மறைக்காதே.

மாதா உன்னைக் காப்பாளாக. ரத்தப் பரிசோதனைக்கு நாள் தள்ளாதே.

உன் அம்மா
மரியசெல்வி