அஸ்ட்ரிடா சொல்லச் சொல்ல அடித்த கடிதம்

கிட்வே,
மார்ச், புதன்கிழமை

அன்பு மகள் லுபுட்டோவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், டப்ளின் குளிரில் நீ இருமாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்கு மழை தொடங்கியதிலிருந்து முழங்கால் வலி, மழையை வைதுகொண்டே நடக்கிறார். தம்பி சிசாலாவுக்குச் சுரங்கத்தில் பகல் வேலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போதுதான் அவன் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கிறோம். பின்பக்கம் பூசணி இலை மண்டிக் கிடக்கிறது, நிலக்கடலை இடித்துப் போட்டு ஆக்கும்போதெல்லாம் உன் நினைவுதான். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் சொல்ல வந்தது வேறு, போனில் சொன்னால், நான்தான் அப்பவே சொன்னேனே என்பாய் நீ, நான் சண்டைக்கு வருவேன், அதனால் பேனாவை எடுத்தேன்.

சந்தையில் கருவாடு விற்கும் அஸ்ட்ரிடாவை உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கூப்பிட்டு உன் கையில் ஒரு பிடி திணிப்பாளே, அவள்தான். போன வெள்ளிக்கிழமை காலையில் நம் டைப்பிங் கடைக்கு வந்தாள். சோல்வெசியில் இருக்கும் தங்கை பிரிஸ்காவுக்கு ஒரு கடிதம் அடிக்க வேண்டும் என்றாள். இரண்டு பேரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. இவள் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. கையால எழுதினா என் கோழிக் கிறுக்கலப் பாத்ததுமே பிரிக்காம அடுப்புல போட்டுருவா லுபுட்டோ அம்மா, மெஷின் எழுத்துன்னா ஏதோ ஆபீஸ் காயிதம்னு பிரிப்பா என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் சொன்னாள், நடுவில் இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள். மூன்று பக்கம் வந்தது.

முடிகிற நேரத்தில் கபுங்கோ என்பவர், மறுநாள் அடக்க ஆராதனைக்கு அச்சடிக்க வேண்டும் என்று இறந்துபோன அண்ணனின் படத்தைக் கொண்டுவந்து அவசரப்படுத்தினார். கடிதத்தை அப்படியே விட்டுவிட்டுப் படத்தை வேறொரு புரோகிராமில் திறந்தேன். அது உறைந்து நின்றுவிட்டது, திரை வெளுத்து, வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. என்னம்மா, உங்க கம்ப்யூட்டரும் எங்க அண்ணனுக்குத் துணையாப் போயிருச்சா என்றார் அவர், வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. மூன்று விசையைச் சேர்த்து அழுத்தும்மா, ஓடுகிறதெல்லாம் பட்டியலாக வரும், நின்றுபோனதை மட்டும் மூடு, மற்றதைத் தொடாதே என்று கிறிஸ்துமஸின்போது நீ படித்துப் படித்துச் சொன்னாய். நகராட்சியில இருபது வருஷம் டைப் அடிச்சவளுக்கு நீ பாடம் நடத்தாதே என்று நான் போனை வைத்தேன். அந்த வீம்பு விரலிலும் இருந்தது போல. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்தேன். கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டபோது கபுங்கோவின் படம் இருந்தது. அஸ்ட்ரிடாவின் கடிதத்தை நான் ஒரு தடவைகூட சேவ் செய்திருக்கவில்லை. சாயங்காலம் சிசாலா வந்து தேடினான், ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை மகளே. திரும்பச் சொல்லு, இப்பவே அடிச்சிடறேன் என்று கெஞ்சினேன். அதெல்லாம் ஒருதரம்தான் வாயில வரும் என்று தலைத்துணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தாளும் பேனாவுமாக அவள் வீட்டுக்கே போனேன். நீதான் பக்கத்துலயே இருந்து கேட்டியே, ஞாபகம் இருக்கறத எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன் என்றாள். வீட்டுக்கு வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தேன். எங்கே பத்தி பிரித்தேன் என்று நினைவிருந்தது, எந்த ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்துத் திருத்தினேன் என்று நினைவிருந்தது. அவள் எதற்காக மன்னிப்புக் கேட்டாள், அதில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை. காதில் வாங்காமல் அடிப்பவள்தான் நல்ல டைப்பிஸ்ட் என்று ஆபீசில் மார்தட்டிக்கொண்டவள் நான். திங்கட்கிழமை சந்தைக்குப் போய், கருவாட்டுக் கூடைகளுக்கு முன்னால் நின்று உண்மையைச் சொன்னேன். அப்ப நான் யாருகிட்டச் சொன்னேன் என்று கேட்டாள் அவள். கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு அளந்து போட ஆரம்பித்துவிட்டாள்.

லுபுட்டோ, ஜனவரியில் ஒரு நாள் நீ போனில் அழுதாய். நான் பிரிண்டரில் தாள் மாட்டிக்கொண்டே ம், ம் என்று கேட்டேன், எல்லாம் சரியாப் போயிடும் என்றேன். நீ என்ன சொன்னாய் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், வரவில்லை. இன்னொரு தடவை சொல்ல உனக்கு மனம் வந்தால் சொல்லு, கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன். வராவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே.

கேட்கத் தவறிய
உன் அம்மா