பந்து நுழையாத வண்டி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நடுநடுவே சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அப்படியே, சண்டை மட்டும் நீங்கலாக, இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னிடம் போனில் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தை இப்போது எழுதுகிறேன், பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருந்தால் நீ லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். நம் கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் பந்து பொறுக்குகிற பழைய ஜீப் இருந்ததே, அதன் ஓட்டுகிறவர் பக்கத்துக் கம்பி வலை ஒரு மூலையில் துருப்பிடித்து விட்டுப்போயிருந்திருக்கிறது. அப்பா உள்ளே இருக்கும்போது ஒரு பந்து சரியாக அந்த வழியே புகுந்து, கண்ணுக்கு ஒரு விரல் கீழே அடித்துவிட்டது. கன்னத்து எலும்பில் மெல்லிய விரிசல். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் நன்றாகப் பார்த்துச் சொல்லிவிட்டார். வீக்கமும் வடிந்து இப்போது பழைய அழகுக்கே வந்துவிட்டார்.

ஆனால் வீக்கம் வடிந்த பிறகுதான் எனக்குக் கவலையே ஆரம்பித்தது. எதிரே கொடியும் குறியும் எத்தனை நட்டு வைத்திருந்தாலும், அப்பா வண்டியோடு புல்லில் இறங்கினால் போதும், மட்டை பிடித்திருக்கிற அத்தனை பேரும் வண்டியைத்தான் குறி பார்ப்பார்கள், உனக்குத் தெரியாததா. மேலே ஒன்று டங்கென்று விழுந்தால் இவருக்கு அப்படி ஒரு குஷி இருக்கும். அப்படிப்பட்ட மனிதர் அடிபட்ட பிறகு ஜீப் பக்கமே போகவில்லை. கேட்டால் முட்டி வலி என்பார், புல் ஈரம் என்பார். மைதானத்தை ஒரு மணி நேரம் மூடிவிட்டு, பந்தின் மேல் அழுத்தினால் உள்ளே கவ்விக்கொள்ளுமே, அந்த நீளக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்தாகக் குத்தி எடுப்பார். நடந்தால் உடம்புக்கு நல்லதாம். வந்தவர்களெல்லாம் பந்து இல்லாமல் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இப்படியே போனால் மைதானத்தையே இழுத்து மூட வேண்டியதுதான். பயம் என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஜீப்பைத் தலைமுழுகிவிட்டு வேறு வண்டி பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன்.

கைப்பையில் ஒரு பந்தைப் போட்டுக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் கடையில் வெள்ளை வெளேரென்று ஒரு பேட்டரி வண்டி, மெத்து மெத்தென்று சீட்டு. விற்கிற பையன், "கூண்டு கம்பெனியிலயே போட்டு வருது மேடம், ஒரு ஈ கூட உள்ள போகாது" என்றான். நான் பந்தை எடுத்து வலையில் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தேன். முன்பக்கம் பரவாயில்லை, கதவின் கீழ் மூலைக்கு வந்ததும் பந்து பொத்தென்று உள்ளே விழுந்து சீட்டுக்கு அடியில் உருண்டுவிட்டது. "ஈ போகாதுதான் தம்பி, பந்து போகுதே" என்றேன். அடிபட்ட நாளிலிருந்து சிரிக்காத உன் அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதடி, வலிக்குது" என்றார். அடுத்து ஒரு டிராக்டர் பார்த்தோம். கோட்டை மாதிரி இருந்தது, ஆனால் அந்தக் கனத்துக்கு நம் மைதானத்தின் பள்ளமான பக்கம் ஒரு மழைக்குத் தாங்காது, புல்லை உழுதுவிட்டுத்தான் வரும். கடைசியில் நம் மெக்கானிக்கின் ஷெட்டில் பழைய குட்டி லோடு வண்டி ஒன்று நின்றிருந்தது. நாள் முழுக்க ஈரப்புல்லில் ஓடுகிற வண்டிக்கு அடிப்பக்கம்தானே உயிர், சாக்கை விரித்துப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், துரு அண்டவே இல்லை. பெயின்ட் உரிந்திருந்தால் என்ன, நாமென்ன ஊர்வலமா போகப்போகிறோம். அதையே வாங்கி, அகல டயர் மாட்டி, ரேடியேட்டரில் புல் அடைக்காமல் கழற்றிக் கழுவுகிற மாதிரி ஒரு வலை வைத்து, கண்ணாடியை எடுத்துவிட்டுக் கனமான பிளாஸ்டிக் தகடு போட்டு, அதற்கு மேல் நெருக்கமான கம்பிக் கூண்டு. கூண்டைப் பற்றவைக்காமல் போல்ட் போடச் சொன்னேன், அப்போதுதான் அவ்வப்போது கழற்றித் துரு இருக்கிறதா என்று பார்க்க முடியும். எல்லாம் முடித்துவிட்டு மெக்கானிக், "அக்கா, இதுல நீங்க சண்டைக்கே போகலாம்" என்றார்.

வண்டி வந்தது. அப்பா ஒரு சுற்று சுற்றினார், டயரை உதைத்துப் பார்த்தார், நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அலுவலக அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்ததே கோபம். சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் நிறைய. சாவியை எடுத்துக்கொண்டு, விளையாட வந்திருந்த நம் பல் டாக்டரம்மாவிடமும் மற்றவர்களிடமும், "நான் உள்ள போறேன், எல்லாரும் என்னையே பாத்து அடிங்க" என்று சொன்னேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டாக்டரம்மா, "நிஜமாவா சொல்றீங்க?" என்று மறுபடியும் கேட்டுக்கொண்டார். முதல் பந்து கூண்டில் விழுந்தபோது உயிர் போய் வந்தது, உண்மையைச் சொல்வதற்கென்ன. அப்புறம் மழைதான். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி காது அடைத்தது, ஆனால் ஒரு பந்தாவது உள்ளே வர வேண்டுமே! எனக்குக் கார்தான் பழக்கம், பின்னால் பந்து பொறுக்குகிற உருளையை இழுத்துக்கொண்டு ஓட்டத் தெரியாமல் பள்ளத்துச் சேற்றில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். இஞ்சினும் நின்றுவிட்டது. திடீரென்று சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், அத்தனை பேரும் மட்டையைக் கீழே இறக்கிவிட்டார்கள், உன் அப்பா புல்லில் நடந்து வந்துகொண்டிருக்கிறார். வந்து கதவைத் தட்டி, "எறங்காத, அந்தப் பக்கம் நகரு. இப்படியா ஒருத்தி வண்டியைச் சேத்துல எறக்குவா?" என்று கத்தினார். நகர்ந்தேன். ஏறி உட்கார்ந்து, தன் பக்கத்து வலையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். முன்னும் பின்னும் ஆட்டி வண்டியை மேலேற்றினார். கொஞ்ச தூரம் போனதும், "ஏன் நிறுத்திட்டாங்க? அடிக்கச் சொல்லு" என்றார். நான் கையை ஆட்டினேன். அவர் பக்கத்து வலையிலேயே ஒன்று வந்து மோதியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், ஆனால் வண்டியை நிறுத்தவில்லை. அடுத்ததற்கு மூடவில்லை. கூடைகள் நிரம்புகிற நேரத்தில், "பல்லு புடுங்கறவங்க அடி இவ்வளவுதானா?" என்று கிண்டல் செய்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து என்னைச் சாவியைத் தொட விடுவதில்லை. வண்டியைத் தேர்ந்தெடுத்ததே தான்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருக்கிறார். அளக்கட்டும். இப்போதும் வெளியேதான் இருக்கிறார். "கூடையெல்லாம் ரொம்பிடுச்சே, இன்னும் எதுக்குப் போறீங்க?" என்று கேட்டேன். "அதோ, அங்க ஒரு பந்து தெரியுது பாரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நானும் எட்டி எட்டிப் பார்த்தேன், என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீ நிறைவாக வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். உன் குளியலறைக் கீசரைத் தொட்டால் சுரீரென்கிறது என்றாயே, அதை நாளைக்கே ஆள் வைத்துச் சரி செய், அதுவரை தொடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா