அலை அடிக்காத இடம்

அன்புள்ள அப்பாவுக்கு, மகளின் வணக்கம். நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? வார்டனுக்குப் பயந்து, போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

இன்று பள்ளியில் எங்களை ஆளரவமில்லாத ஒரு கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். எங்கும் அலை நுரைத்தது. நடுவே ஓரிடம் மட்டும் குளம்போலக் கிடந்தது.

"இங்கேயே குளிங்கடி" என்றார் டீச்சர்.

வலையை இழுத்துப்போகும் நீரோட்டம் அப்படித்தான் அமைதியாக இருக்கும் என்பீர்களே. "வேணாம் டீச்சர், உள்ள இழுத்துடும்" என்றேன்.

"ஊமைக்கோட்டான் வாயத் தொறந்துடுச்சுடி" என்று மற்ற பெண்கள் சிரித்தார்கள். விடுதியில் எனக்கு அதுதான் பெயர்.

செருப்பில் ஒன்றைக் கழற்றி அந்தத் தண்ணீரில் வீசினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கடலுக்குள் போய்ப் புள்ளியாகிவிட்டது. டீச்சர் முகம் வெளுத்தது.

"யாரும் எறங்காதீங்க. இவ காட்டுற எடத்துலதான் இனி குளியல்."

முப்பத்திரண்டு பேரும் நான் காட்டிய இடத்தில் முழங்கால் தண்ணீரில் ஆட்டம் போட்டார்கள். நான் இடுப்பில் கைவைத்துக் கரையில் காவல் நின்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை அப்பா.

வார்டன் வருகிறார் போலிருக்கிறது. ஒரு ஜோடி செருப்பு வேண்டும். தபாலில் அனுப்பலாம். நீங்களே கொண்டுவந்தாலும் சரிதான்.

அவசரத்தில்,
உங்கள் மகள்