தோழன் இல்லாத கடற்கரைக் கலியாணம்

என்னைத் தோளில் தூக்கி வைத்துத் தேர் காட்டிய என் அண்ணைக்கு,

எனக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. இன்றைக்கு நான்காம் நாள். நெடுந்தீவில் ஒரு விடுதி விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். கஜன் வாடகைச் சைக்கிள் எடுக்கப் போயிருக்கிறார். ஓம், அதே கஜன்தான். கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டான் என்று நீங்கள் நக்கலடித்த அந்த நெல்லியடிக்காரன்.

நெடுந்தீவுக் குதிரைகளைக் காட்டுகிறேன் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? ஒவ்வொரு தரமும் ஒரு சாட்டு. வெங்காயத்துக்கு இறைக்க வேண்டும், மழை வரப் பார்க்கிறது, மோட்டார் பழுது. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். நயினாதீவுத் திருவிழாவுக்குப் போன படகில் நீங்கள் தலைசுற்றி, தின்றதெல்லாம் சத்தி எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "தங்கச்சிக்குத்தான் வழி முழுக்கச் சத்தி" என்று சொன்னவர். நேற்றுக் குறிகட்டுவானில் படகு ஏறிப் பத்து நிமிடத்தில் எனக்கும் அதே கதி. இப்போது கணக்குச் சரி, அண்ணை.

கடற்கரையில் கலியாணம், இருபத்தைந்து பேர் மட்டும் என்று நான் சொன்னதும் எங்கள் உரும்பிராயில் பாதிச் சனம் முகத்தைத் தூக்கிக்கொண்டது. பெரியம்மா நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஊரிலை இத்தினை மண்டபம் இருக்கேக்கை கடற்கரையிலையோ? சாம்பல் கரைக்கிற இடத்திலை தாலி கட்டுறதோ, பிள்ளை?"

"இப்ப எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம் பெரியம்மா. படம் வடிவாய் வரும்."

பொய் சொன்னேன். ஆறே நாள் டெங்குக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. கீரிமலையில் உங்களைக் கரைத்துவிட்டு வந்த பிறகு, கடலைக் கண்டாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் கலியாணம் என்றதும் கால் அங்கேதான் இழுத்தது. நீங்கள் மண்டபத்துக்கு வரமுடியாது. நாங்கள் காரைநகர்க் கரைக்குப் போகலாம். அங்கேயும் கீரிமலைக் கடல்தானே வருகிறது?

மண்டப வாசலுக்கும் பயந்தேன். மாப்பிள்ளை வந்து நிற்க, பெண்ணின் சகோதரன் தோழனாக முன்னே போய், அவர் காலைக் கழுவி மோதிரம் வாங்கவேண்டுமே. எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே நீங்கள் அந்த வேலைக்கு ஆயத்தம். "கழுவேக்கை உள்ளங்காலிலை கிச்சுக்கிச்சு மூட்டுவன். மோதிரம் பாரமில்லையெண்டால் காலை விடமாட்டன்" என்று சொல்லி என்னை அழவைப்பீர்கள்.

மாமாவின் மகனைத் தோழனாக நிறுத்தலாம் என்றார்கள். நான் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நீங்கள் குனிய வேண்டிய இடத்தில் இன்னொருவர் குனிவதை எப்படிப் பார்ப்பது? தோழனும் வேண்டாம், கால் கழுவலும் வேண்டாம் என்று முடிவாயிற்று. கஜன் மட்டும் மோதிரத்தை வாங்கி வைத்திருந்தார். "மச்சானுக்கெண்டு நினைச்சது. என்னட்டை இருக்கட்டும்" என்றார்.

இனிச் சொல்லப்போவது எனக்கே வெட்கம். கலியாணத்தன்று அண்ணி வெளிறிய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். "நல்ல காரியம். நான் பின்னுக்கு நிக்கிறன்" என்று முதலே சொல்லியிருந்தார். நானும் சரியென்று விட்டுவிட்டேன். உங்கள் இடத்துக்காக அவ்வளவு சண்டை பிடித்தவள், அண்ணியின் இடம் எது என்று யோசிக்கவே இல்லை.

சவுக்கு மரங்களுக்கிடையில் கஜன் வந்து நின்றார். ஐயர் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"தோழன் ஆர்? முன்னுக்கு வாங்கோ."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் மணலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அண்ணி வந்தார். மணவறை ஓரத்தில் இருந்த செம்பை எடுத்துக்கொண்டு நேரே கடலுக்குப் போனார். சேலை நனைய நனைய முழங்கால் அளவுக்கு இறங்கி, தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்பினார்.

"பிள்ளை, நீ எப்பிடி..." என்று பெரியம்மா தொடங்கினார்.

"அவர்தான் கழுவுறார் மாமி. நான் செம்பை மட்டும் பிடிக்கிறன்."

பெரியம்மா வழிவிட்டு ஒதுங்கினார். அண்ணி குனிந்து, கஜனின் காலில் மெல்ல ஊற்றிக் கழுவினார். திடீரென்று கஜன் துள்ளிக் காலை இழுத்தார். அண்ணை, அண்ணி கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டார்! இதை எப்போது அண்ணியிடம் சொல்லி வைத்தீர்கள்? சும்மா கதையோடு கதையாகவா, அல்லது கடைசி நாட்களிலா? கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நீங்கள் போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கண்டேன். சிரித்தபடியே அழுதார். கஜன் மோதிரத்தை அண்ணியின் உள்ளங்கையில் வைத்தார். அண்ணி அதைப் பெருவிரலில் மாட்டி, கையை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பாரம்தான். காலை விடலாம்."

பிறகு கஜனை மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அண்ணிதான். காற்றில் ஓமத் தீ அணைந்து அணைந்து எரிந்தது. ஐயர் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்கு நடித்துக் காட்டியிருப்பீர்கள். தாலி கட்டும்போது பெரியம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் அண்ணி இருந்தார்.

நேற்று மாலை குதிரைகளைப் பார்த்தோம். நீங்கள் கைவைத்துக் காட்டிய உயரம் இல்லை, பொய்யர். ஆனாலும் வடிவு. கூட்டமாக ஓடியபோது, "அண்ணை, அங்கை பாருங்கோ" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கஜன் கேட்டும் கேளாததுபோல இருந்தார்.

இன்று காலை அண்ணி தொலைபேசியில் கதைத்தார். மோதிரத்தில் நூல் சுற்றி நடுவிரலுக்குப் பொருந்தச் செய்துவிட்டாராம். அண்ணிக்கு முப்பத்திரண்டு வயதுதான், அண்ணை. இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். என்றைக்காவது அண்ணி தனக்கு இன்னொரு வாழ்க்கை வேண்டும் என்று சொன்னால், ஊர் என்ன கதைத்தாலும், தோழனாக நான் முன்னே போவேன். வருகிறவரின் காலை நானே கழுவுவேன். கிச்சுக்கிச்சும் மூட்டுவேன். மோதிரம் பாரமில்லாவிட்டால் விடமாட்டேன்.

கோபிக்க மாட்டீர்கள்தானே?

செம்போடு நிற்கப்போகும்
உங்கள் தங்கச்சி